இன்னும் ரெண்டே சீட்டு

"வாங்க, வாங்க, வாங்க! ஆஸ்பத்திரி, மார்க்கெட், மணிக்கூண்டு! இன்னும் ரெண்டே சீட்டு, ஏறினதும் எடுத்துடலாம்!"

இப்படிக் கூவிக்கொண்டு அவர் நின்றது வேன் ஸ்டாண்டில் இல்லை. கண்ணாடிக் கதவும், வழுவழுவென்ற தரையும், பாதி நாள் நகராத நகரும் படிக்கட்டுமாகக் கட்டிவைத்த புறநகர் ரயில் நிலையத்தின் வாசலில். மேலே நிற்கிற வண்டியில் பெட்டி பெட்டியாக இருக்கைகள் காலி. மொத்த வண்டியின் ஆட்களையும் இறக்கி ஒரே வேனில் அடைத்தால் கால் நீட்டிக்கொண்டு போகலாம். அந்த வண்டிக்குத்தான் ரெண்டே சீட்டு பாக்கி என்று அடித்துச் சொல்வார் மனுஷன். எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிப்பவர்களில் ஒருத்தர் ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும், அவருக்கு அன்றைய பொழுது நல்ல பொழுது.

அவருக்கு ஊர் வைத்த பெயரே 'ரெண்டு சீட்டு'. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கே யோசனை வரும். முப்பது வருஷம் வேன் ஸ்டாண்டில் ஆள் கூப்பிட்டவர். ஓட்டுநரும் இல்லை, நடத்துநரும் இல்லை. வண்டி கிளம்பினால் இவர் ஸ்டாண்டிலேயே நின்றுவிடுவார். போகிறவர்களை ஏற்றி அனுப்புவதோடு சரி, தான் போனதில்லை. ஆள் ஒல்லி, முட்டி கொஞ்சம் மடங்கித்தான் நடப்பார், ஆனால் குரல் மட்டும் அடேயப்பா, தெருமுனையில் இருப்பவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான். "தொண்டையில கத்துறவன் ஆறு மாசத்துல ஊமையாயிடுவான். அடிவயித்துலேருந்து எடுக்கணும்" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டுவார். தட்டிக் காட்டுகிற அளவுக்கு அங்கே வயிறு எதுவும் இருக்காது.

ரயில் நிலையத்தில் அவருக்குக் கொடுத்த வேலை வேறு. நீலச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, தானாகத் திறக்கிற கதவுக்குப் பக்கத்தில் நின்று, அட்டையை எங்கே வைக்க வேண்டும் என்று பயணிகளுக்குக் கை காட்டுவது. வாயைத் திறக்கச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. நிலைய மேலாளர் சின்ன வயசுக்காரர், தங்கமான மனுஷன், கெஞ்சிப் பார்த்துவிட்டார். "அண்ணே, ரயில் நேரத்துக்குத்தான் கிளம்பும். நீங்க கூப்பிட்டாலும் கிளம்பும், கூப்பிடலைன்னாலும் கிளம்பும்."

"அதான் தம்பி தப்பு. ஆள் ஏறாம கிளம்புறது ஒரு வண்டியா?"

அறிவிப்பு சொல்லும் பெண் குரலோடு அவருக்கு ஜென்மப் பகை. ஒலிபெருக்கியில் அது 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்தாலே முகத்தைச் சுளிப்பார். "அந்தம்மாவுக்குக் கூப்பிடவே தெரியலை. கோர்ட்டுல பேர் வாசிக்கிற மாதிரி இருக்கு. இதைக் கேட்டு எவன் வருவான்? வர்றவனும் ஓடிடுவான்." அந்தக் குரல் முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, அது ஓய்ந்ததும் தன் கூவலை ஆரம்பிப்பார்.

இந்த வேலை கிடைத்த கதை அவ்வளவு சிரிப்புக்குரியது இல்லை. நிலையம் நிற்கிற இடத்தில்தான் அவர் வீடு இருந்தது. ரயில் பாதைக்காக அந்த வரிசையையே இடித்தார்கள். தண்டவாளத்துக்குப் பின்னால் அடுக்கு வீடு கட்டி மூன்றாவது மாடியில் ஒன்றைக் கொடுத்தார்கள், குடும்பத்துக்கு ஒருவருக்கு ஒப்பந்தக்காரரிடம் வேலை என்றார்கள். அவருடைய வீட்டுக்காரம்மா இன்றுவரை அந்த நிலையத்துக்குள் கால் வைத்ததில்லை. இடிக்காமல் விட்ட ஒரு விளக்குக் கம்பத்தை வைத்து அந்தம்மா மனசிலேயே அளந்து வைத்திருக்கிறார். "டிக்கெட் குடுக்கிறான் பாருங்க, அவன் உக்காந்திருக்கிறது என் அடுப்பு மேல. கைகழுவுற இடம்னு வெச்சிருக்கானே, அது என் புள்ளை தவழ்ந்த கூடம்." தினம் காலையில் ஜன்னலைத் திறந்து, போகிற ரயிலை ஒரு தரம் வாய் நிறையத் திட்டிவிட்டுத்தான் அந்தம்மா பல் தேய்க்கப் போவார்.

அப்படியிருக்க, வீட்டைத் தின்ற ரயிலுக்கு இவர் ஏன் தொண்டை கிழியக் கூவ வேண்டும்? வீட்டில் ஒரு மகள் இருந்தாள். மகளுக்கு ஒரு குழந்தை.

மகளுக்கு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. புருஷன் வேறெங்கோ கட்டட வேலைக்குப் போனவன், வருவதும் போவதுமாக இருக்கிறான். ரயில் வருவதற்கு முன்னால் அவள் வேன் மாறி வேன் மாறித்தான் போய்வருவாள். வேன் நிறைந்தால்தான் எடுப்பார்கள். குழந்தை தூங்கும்போது கிளம்புவாள், வருவதற்குள் அது மறுபடி தூங்கியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கப் போனபோது அது முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டியின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது. "யாருன்னு பாக்குதும்மா. ஏதோ விருந்தாளி வந்திருக்கான்னு பாக்குது" என்று சொல்லிவிட்டு மகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. அவள் தகப்பன் வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அனுப்பி வைத்த வேன்களில்தான் அவள் அதுவரை போய்வந்தாள்.

ரயில் ஓட ஆரம்பித்த பிறகு மகள் வெளிச்சம் மங்குவதற்குள் வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் வண்டி வளைந்து வருவது தெரியும். குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வண்டி, அம்மா வண்டி" என்று குதிக்கும். நிலையத்திலிருந்து மகள் நடந்து வந்து கீழே விளக்குக் கம்பத்தடியில் நின்று மேலே பார்ப்பாள். குழந்தை கையை ஆட்டும். இவள் கீழிருந்து ஆட்டுவாள். பக்கத்து வீடுகளில் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போய், அந்த நேரத்தை வைத்து உலை வைக்கிறவர்களும் உண்டு.

அந்த ரயில் தேவைதானா என்ற வழக்கு நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வாசலில் தினமும் நடக்கும். மருந்துக்கடைக்காரர் கெட்டவர் இல்லை. பாதை போட்ட வருஷங்களில் அவர் கடைக்கு முன்னால் தகரத்தை அடைத்து வைத்து வியாபாரத்தையே படுக்க வைத்துவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலோடு கணக்கும் தெரிந்தவர்.

"இந்த ஒரு ரயிலுக்குக் கொட்டின காசுல ஊர் பூரா பஸ் விட்டிருக்கலாம்யா. ஆஸ்பத்திரியில இன்னும் நாலு வார்டு கட்டியிருக்கலாம். இப்பவும் ஓடுற ஒவ்வொரு நாளும் நம்ம வரிப்பணம்தான் கரையுது. என்னத்தை ஏத்திக்கிட்டுப் போவுது? காத்தை!"

"சரி சார். உங்க கடை முன்னாடி ரோடு இருக்கே, அது என்னிக்காவது லாபம் காட்டியிருக்கா? ராத்திரியில ஒரு நாயிதான் நடக்குது. அதுக்காக லைட்டை அணைச்சிட்டாங்களா?" என்றார் ரெண்டு சீட்டு.

"ரோட்டுக்கு யாரும் வாசல்ல ஆள் வெச்சுக் கூவலையே!"

கேட்டவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரெண்டு சீட்டும் சேர்ந்து சிரித்தார். உள்ளதைச் சொன்னால், மருந்துக்கடைக்காரர் சொன்னதில் பொய் எதுவும் கிடையாது. பாதையோரம் எழும்பும் என்று சொன்ன கட்டடங்கள் எழும்பவே இல்லை, வேலிக்குள் புதர்தான் வளர்ந்தது. நிலையத்துக்கு வர பெரிய ரோட்டை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். வேன் அப்படியா? கை நீட்டின இடத்தில் நிற்கும். ரயிலைப் போட்டவர்கள் ஆள் எப்படி வந்து சேரும் என்று யோசிக்காமல் போட்டுவிட்டார்கள். முப்பது வருஷம் ஆள் சேர்த்தவருக்கு இது முதல் நாளே தெரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியில் எல்லோரும் பயந்தது நடந்தது. வண்டியைப் பார்வையிட்டு, ஓடவிடுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய ஒரு குழு வருகிறது என்று மேலாளர் வந்து காதில் போட்டார். "மாலை வண்டி மேலதான் கண்ணு, அண்ணே. காலையில கொஞ்சமாவது ஆள் இருக்கு. சாயங்காலம் சுத்தமா இல்லை." அதைக் கேட்டதும் அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே ஊதித் தூசி தட்டி மறுபடி போட்டுக்கொண்டார். மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே பழைய வேன் ஸ்டாண்டுக்குப் போனார்.

இங்கே அந்தத் தொழிலின் ஒரு சூட்சுமத்தைச் சொல்லியாக வேண்டும். காலி வேனில் யாரும் ஏற மாட்டார்கள். இது எப்போது நிறைந்து எப்போது கிளம்புவது என்று அடுத்ததைத் தேடிப் போய்விடுவார்கள். அதனால் வண்டி வந்து நின்றதும் ஸ்டாண்டு ஆட்கள் நாலு பேர் பயணி மாதிரி உள்ளே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு டம்மி என்று பெயர். நாலு தலை தெரிந்தால் ஐந்தாவது தலை தானாக வரும். நிஜப் பயணி வர வர டம்மி ஒவ்வொருவராக எழுந்து இடம் கொடுத்து நழுவ வேண்டும். அந்த ஸ்டாண்டில் பஞ்சர் கடைக்காரரை அடித்துக்கொள்ள டம்மி கிடையாது. அவசரச் சாவுக்குப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கடிகாரமே இல்லாத மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். டம்மிக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வண்டி உறுமினதும் இறங்கிவிட வேண்டும். ரெண்டு சீட்டே புதுசாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பார். "நகர்ற வண்டியில உக்காந்திருக்கிறவன் டம்மி இல்லைடா, ஓசி!"

ஸ்டாண்டில் அவர் விஷயத்தைச் சொன்னதும் கசமுசாவென்று ஆகிவிட்டது. "நல்லா இருக்குண்ணே நியாயம். எங்க பொழப்புல மண்ணைப் போட வந்த ரயிலு. அதுக்கு நாங்களே ஆள் காட்டணுமா?" என்று ஒரு ஓட்டுநர் எகிறினார். ரெண்டு சீட்டு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. பஞ்சர் கடைக்காரர்தான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அண்ணன் ரயிலுக்காகவா கேக்குறாரு? பேத்திக்காகக் கேக்குறாரு. சட்டையை மாத்திக்கிட்டு வாங்கடா."

குழு வந்த அன்று மாலை, கடைசி நிலையமான அங்கே வண்டி வந்து நின்றது. மகள் அதிலிருந்துதான் இறங்கினாள். குழுவும் அதே வண்டியில் வந்திறங்கி, மேலாளரோடு நிலையத்தைச் சுற்றிப் பார்க்கப் போனது. அந்த இடைவெளியில், சக்கர நாற்காலிக்காக வைத்திருக்கும் அகலக் கதவைத் தன் அட்டையால் திறந்துவிட்டு, ரெண்டு சீட்டு தன் படையை மேலே ஏற்றினார். முகம் கழுவி, தலை வாரி, ஒருத்தர் கையில் பை, ஒருத்தர் கையில் குடை. எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். சத்தமாகப் பேசாதே, ஒருத்தனை ஒருத்தன் பார்த்துச் சிரிக்காதே, ஜன்னலோரம் உட்கார், அலுத்துப்போன மாதிரி இரு. முதல் மூன்று பெட்டி ஜன்னல்களும் நிறைந்துவிட்டன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அந்த வண்டி கட்டப்பட்டது இதற்குத்தானே என்று அவருக்கு நெஞ்சு விம்மியது.

குழுவுக்குத் தலைவியாக வந்த அம்மாள் நடுத்தர வயது, கால் வீங்கிச் செருப்பை இழுத்து இழுத்து நடந்தார். பெட்டிக்குள் ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். "பரவாயில்லையே. சாயங்காலம் இவ்வளவு கூட்டமா?" மேலாளர் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். அவருக்கே இது புதுசு.

பஞ்சர் கடைக்காரர் பார்த்தார். நிஜப் பயணி, அதுவும் பொம்பளை, நிற்கிறார். உடம்பில் ஊறின பழக்கம் சும்மா இருக்குமா? மரியாதையாக எழுந்து நின்றார். "நீங்க உக்காருங்கம்மா. எங்களுக்கு எதுக்கு, நாங்க டம்மிதானே."

அந்த அம்மாள் புரியாமல் அவர் முகத்தைப் பார்த்தார். அதற்குள் கதவு மூடப்போகிறது என்று வண்டி கீ கீ என்று கூவியது. அவ்வளவுதான். மூன்று பெட்டியும் ஒரே ஆள் போல எழுந்தது. "எந்திரி, எந்திரி, எடுக்கப்போறான்!" என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, குடையும் பையுமாகப் பிளாட்பாரத்தில் குதித்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. வெறும் இருக்கைகளுக்கு நடுவே கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்ற குழுவைச் சுமந்துகொண்டு ரயில் நகர்ந்தது. இறங்கினவர்கள் வேலையைக் கச்சிதமாக முடித்த திருப்தியில் சட்டையை உதறிக்கொண்டார்கள். ஒருவர் ரெண்டு சீட்டைப் பார்த்துக் கட்டைவிரலைக்கூட உயர்த்தினார்.

மகள் தூண் ஓரமாகப் பையைக் கட்டிப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா... அவங்களை உக்காரச் சொல்லலையா?"

"உக்காரத்தாம்மா சொன்னேன்." அவர் வாய் கோணியது. "எந்திரிக்காதீங்கன்னு சொல்லலை."

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சில நாள் கழித்து அந்த அம்மாள் மறுபடி வந்து மேலாளர் அறையில் வைத்து அவரைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்துப் போனவரை உட்காரச் சொன்னார். "வண்டி நிக்கப்போறது நீங்க ஆள் வெச்சதால இல்லைங்க. அதை மனசுல வெச்சுக்காதீங்க. யார் வர்றா யார் போறான்னு தினமும் அந்தக் கதவே எண்ணிக்கிட்டுதான் இருக்கு. நீங்க பக்கத்துல நிக்கிறீங்களே, அந்தக் கதவு." அவருக்கு இது தெரியாது. இத்தனை நாள் சேர்ந்து நின்ற கதவு இப்படிப் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்ததா என்று அறைக் கண்ணாடி வழியே அதைத் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்காகப் பண்ணினீங்க?"

"பேத்தி முழிச்சிருக்கும்போது என் பொண்ணு வீட்டுக்கு வரணும். வேற ஒண்ணுமில்லை."

அந்த அம்மாள் கையிலிருந்த காகிதத்தை மடித்து வைத்தார். "உங்க பொண்ணு மாதிரி சாயங்கால வண்டியில எத்தனை பேரு வருவாங்க?"

வாய் கூசாமல் எதை வேண்டுமானாலும் அள்ளிவிட்டிருக்கலாம். முப்பது வருஷமாக அந்த வாய் அதைத்தான் செய்தது. அன்றைக்கு என்னவோ வரவில்லை. "கொஞ்சப் பேருதாம்மா" என்றார். எழுந்து தொப்பியை மேசைமேல் வைத்தார். "எங்க ஸ்டாண்டுலயும் ஒருத்திக்காக வண்டி எடுக்க மாட்டோம். அவசரம்னு கெஞ்சினவங்களைக்கூட உக்காத்தி வெச்சிருக்கேன்."

மாலை வண்டியை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் ஒப்பந்தக்காரர் அவர் சீட்டையும் கிழித்தார், அகலக் கதவைத் திறந்த குற்றத்துக்கு. மருந்துக்கடைக்காரர் ஜெயித்தவர் போல நடந்துகொள்ளவில்லை. ரெண்டு சீட்டு கடையைக் கடந்து போகும்போது, "என்னப்பா, உள்ள வந்து உக்காரு" என்றார். இவர் உட்காரவில்லை. மிச்சமான பணத்தில் பஸ் விடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எந்த பஸ்ஸும் வந்தபாடில்லை.

யாரும் எதிர்பாராதது வீட்டுக்காரம்மா அழுததுதான். மாலை வண்டி வராத முதல் நாள், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா தேம்பித் தேம்பி அழுதார். "ஓடிக்கிட்டு இருந்தாலாவது, நம்ம வீட்டு மேல ஏறி ஓடுறான் பாரு சண்டாளன்னு திட்டிக்கிட்டுக் கிடப்பேன். இப்ப வீடும் இல்லை, வண்டியும் இல்லை. எதுக்குடா இடிச்சீங்க?" கேள்வி கேட்டது புருஷனை இல்லை. ஆனாலும் அவர் பதில் சொல்ல வேண்டியவர் போல நின்றுகொண்டிருந்தார்.

இப்போது அவர் பழைய வேன் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். குரல் அதேதான், அடிவயிற்றிலிருந்துதான் எடுக்கிறார், ஆனால் அந்த வசனத்தை மட்டும் விட்டுவிட்டார். ஊர்ப் பெயர்களை அடுக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார். ஸ்டாண்டுக்காரர்கள் கேட்டால் மறந்துபோச்சு என்பார். மறக்கவெல்லாம் இல்லை. நகரத்து ஸ்டாண்டில் சாயங்காலம் மகள்தான் வேனில் முதல் ஆளாக ஏறி உட்காருகிறாளாம். உட்கார்ந்து உட்கார்ந்து இருட்டிப் போகுமாம். அங்கே ஒருத்தன் நின்று கூவுகிறானாம், இன்னும் ரெண்டே சீட்டு, ஏறினதும் எடுத்துடலாம் என்று. "உங்க குரல் மாதிரியே இருக்குப்பா" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பொழுது சாய்ந்ததும் அவர் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிவிடுவார். குழந்தையைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதுதான் இப்போது அவருக்கு ராத்திரி வேலை. யானை ஆகிறார், பூனை ஆகிறார், முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார், ஜன்னலோரம் நிறுத்தி, "வாங்க, வாங்க, வாங்க!" என்று கூவச் சொல்லிக்கொடுக்கிறார். அது ரெண்டு முறை கூவும், மூன்றாவது முறை வாய் திறந்தபடியே கண் செருகிவிடும். "பச்சைப்புள்ளையைப் போட்டு ஏங்க இப்படிப் படுத்துறீங்க, தூங்கட்டும் விடுங்க" என்று வீட்டுக்காரம்மா சத்தம் போடுவார். கொஞ்ச நேரத்தில் அந்தம்மாவே வந்து பிள்ளையின் பாதத்தைக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்ப்பார். அது அசையாது.

கீழே வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்கும். மகள் இறங்கி, அந்த விளக்குக் கம்பத்தடியில் நின்று, பழக்க தோஷத்தில் மேலே பார்ப்பாள். அதற்குள் அவர் தூங்குகிற பிள்ளையைத் தூக்கி ஜன்னலோரம் நேராக உட்கார்த்தி, சாய்கிற தலையைத் தன் மோவாயால் முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டு, அந்தச் சின்னக் கையைப் பிடித்து ஆட்டுவார். கீழே அவளும் ஆட்டுவாள். அவள் படியேறத் தலையைக் குனிகிறவரை அவர் அந்தக் கையை ஆட்டிக்கொண்டே இருப்பார்.